கறுப்பு வெள்ளையில் கானகம்

ஒவ்வோர் ஆண்டும் நம் சங்கத்தின் பொங்கல் விழாவில், கோலப் போட்டிக்கும் குழந்தைகளின் பாட்டுக் கச்சேரிக்கும் நடுவே, கூடத்தின் ஒரு சுவர் முழுவதும் அங்கத்தினர்கள் எடுத்த புகைப்படங்கள் மாட்டப்படுவதை அன்பர்கள் அறிவார்கள். வண்ணப் படங்கள் எத்தனை இருந்தாலும், அவற்றிடையே கறுப்பு வெள்ளையில் ஒரு காட்டு யானையோ காண்டாமிருகமோ நின்றுவிட்டால், அதன் முன் சற்று நேரம் நில்லாமல் போகிறவர் அரியர். அவ்வாறு நின்று பார்த்தவர்களுள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "வண்ணத்தை எடுத்துவிட்டால் கறுப்பு வெள்ளை ஆகிவிடுகிறது. இதில் செய்வதற்கு என்ன இருக்கிறது?"

இந்தக் கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். வண்ணத்தை எடுத்துவிடுவது ஒரு நொடி வேலை; அதைக் கைப்பேசியே செய்துவிடும். எந்த வண்ணம் எந்த அளவுச் சாம்பலாக மாற வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் வேலை. அந்தத் தீர்மானத்தில் திறமையும் உண்டு, நாணயமும் உண்டு. திறமையைப் பற்றி முதலில் கூறிவிட்டு, நாணயத்தைப் பற்றி, நானே செய்த ஒரு பிழையைச் சாட்சியாக வைத்து, முடிவில் கூற விரும்புகிறேன்.

முன்னோர் சென்ற வழி

நம் நாட்டில் காட்டு விலங்குகளைத் துப்பாக்கியால் அல்லாமல் காமிராவால் தேடிச் சென்ற முன்னோடிகளுள் எப். டபிள்யூ. சாம்பியன் என்னும் வன அதிகாரி ஒருவர். அன்றைய ஐக்கிய மாகாணத்துக் காடுகளில், விலங்கின் கால் பட்டால் காமிரா தானே இயங்கும்படி கம்பி கட்டி, மக்னீசியப் பொடியின் வெளிச்சத்தில் இரவில் நடமாடும் புலியைப் படம் பிடித்தவர் அவர். அப்படங்களைக் கொண்ட அவருடைய நூல் 1927-ல் வெளிவந்தது. வேட்டையாடிக் கொன்ற புலியின்மேல் கால் வைத்து நின்று எடுத்துக்கொள்ளும் படமே பெருமையாகக் கருதப்பட்ட காலம் அது. உயிரோடு தன் வழியில் நடந்து செல்லும் புலியை அக்காலத்தவர் கண்டது பெரும்பாலும் அத்தகைய கறுப்பு வெள்ளைப் படங்களில்தான்.

தமிழராகிய நாம் மறக்கலாகாத மற்றொருவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்து, சென்னையில் வாழ்ந்த இவருடைய இயற்கைக் கட்டுரைகள், 1950 முதல் 1996-ல் அவர் மறையும் வரை, கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் தொடர்ந்து வெளிவந்தன. வங்க நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தங்கள் வீட்டு வாயிலில் வந்து விழும் பத்திரிகையிலேயே ஒரு தமிழரின் கண்வழி இந்தியக் காட்டைக் கண்டன என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. வண்ணப் பிலிம் எங்கும் பரவிய பின்னும் கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையை விடவில்லை. வெவ்வேறு கருவிகளின் பாகங்களைக் கூட்டித் தாமே அமைத்துக்கொண்ட பெரிய காமிராவுக்கு 'சூப்பர் பொண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் இட்டிருந்தார். அவர் எடுத்த யானைப் படங்களில் தோலின் மடிப்பும், காதோரத்து நரம்பும், காலடிப் புழுதியும் தனித்தனியே தெரியும். வண்ணம் இல்லாத குறை நமக்குத் தோன்றுவதே இல்லை. தோன்றாதபடி செய்தது என்ன என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

புலியும் புல்லும் ஒரே சாம்பல்

மஞ்சள் கலந்த செந்நிறப் புலி, இளம்பச்சைப் புல்லில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்ணப் படத்தில் புலி தீப்போலத் தெரியும். அதையே யோசியாமல் கறுப்பு வெள்ளை ஆக்கினால் புலி புல்லுக்குள் மறைந்துவிடுவதுண்டு. வரிகள் மட்டும் அங்கும் இங்கும் மிதப்பதுபோல் தோன்றும். காரணம் வெறும் கணக்கு.

டிஜிட்டல் காமிரா ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களாகக் குறிக்கிறது. பூஜ்யம் என்றால் ஒளி இல்லை; 255 என்றால் முழு ஒளி. இம்மூன்றையும் ஒரே சாம்பலாக்கும்போது, நம் கண்ணின் இயல்பைப் பின்பற்றிச் சிவப்பில் 30 பங்கும், பச்சையில் 59 பங்கும், நீலத்தில் 11 பங்கும் எடுப்பது தொலைக்காட்சிக் காலத்திலிருந்து வந்த வழக்கம். உதாரணமாக, புலியின் உடல் சிவப்பு 200, பச்சை 120, நீலம் 50 என்று இருக்கட்டும். புல் சிவப்பு 110, பச்சை 165, நீலம் 55 என்று இருக்கட்டும். மேற்சொன்ன பங்குகளின்படி கூட்டிப் பாருங்கள். புலிக்கும் 136, புல்லுக்கும் 136! கண்ணுக்கு நெருப்பும் இலையுமாக இருந்த இரண்டும் காகிதத்தில் ஒன்றாகிவிட்டன.

பங்குகளை மாற்றிச் சிவப்பு 60, பச்சை 30, நீலம் 10 என்று வைத்தால் புலி 161 ஆகிறது. புல் 121 ஆகிறது. புலி ஒளி பெற்று முன்னே வருகிறது. சிவப்பு 20, பச்சை 70, நீலம் 10 என்று வைத்தால் புலி 129, புல் 143. இப்போது புலி இருண்டு, வெளிச்சமான புல்லில் நிழல்போல் நிற்கிறது. படம் ஒன்றே, எடுத்த நொடி ஒன்றே. முடிவு மட்டும் மூன்று விதம். "செய்வதற்கு என்ன இருக்கிறது" என்ற கேள்விக்கு இதுவே முதல் விடை.

இங்கே இன்னொரு செய்தியும் சிந்திக்கத் தக்கது. மானின் கண்ணில் வண்ணம் அறியும் அணுக்கள் இரண்டு வகையே உண்டு. நமக்கு மூன்று வகை. ஆகையால் செந்நிறத்தையும் பச்சையையும் மான் நம்மைப்போல் பிரித்தறிவதில்லை. நமக்குத் தீயாகத் தெரியும் புலி, மானுக்குப் புல்லோடு புல்லாகவே தெரிகிறது. எனவே, புலி மறைந்துபோன அந்தச் சாம்பல் படத்தை முற்றிலும் தவறென்று தள்ளிவிடவும் முடியாது. புள்ளிமான் காணும் காட்டுக்கு அது ஓரளவு நெருங்கியது. எதைக் காட்ட விரும்புகிறோம் என்று முதலில் தெளிந்துகொண்டால்தான் எந்தச் சாம்பல் வேண்டும் என்பது புலப்படும்.

பிலிம் காலத்தில் இந்த வேலையைக் கண்ணாடி வடிகட்டிகள் செய்தன. லென்சின் முன் மஞ்சள் அல்லது ஆரஞ்சு வடிகட்டி வைத்தால் செந்நிறம் வெளுக்கும். நீல வானம் கறுக்கும். பச்சை வடிகட்டி இலைகளை வெளுக்கச் செய்யும். ஆனால் வடிகட்டி ஒளியைத் தின்னும். அடர்ந்த சிவப்பு வடிகட்டிக்கு எட்டு மடங்கு ஒளி கூடுதலாக வேண்டும். மர நிழலில் அசையும் விலங்கை எடுப்பவனுக்கு அத்தனை ஒளி எங்கிருந்து கிடைக்கும்? வண்ணமாகவே எடுத்துக்கொண்டு, வீட்டில் அமர்ந்து நிதானமாகப் பங்குகளை மாற்றும் வசதி, காட்டுப் படம் எடுப்போருக்குக் கணினி தந்த பெரிய உபகாரம்.

இருட்டறைப் பாடம்

கணினியில் மட்டுமே பழகியவர்களும் இருட்டறையின் முறையை ஒருமுறை அறிந்துகொள்வது நன்று. கணினியில் நாம் செய்யும் ஒவ்வொன்றுக்கும் மூலம் அங்கேதான் இருக்கிறது.

பிலிமில் ஜெலட்டின் படலத்துக்குள் வெள்ளி உப்பு நுண்துகள்களாகப் பரவியிருக்கிறது. ஒளி பட்ட துகள்களை டெவலப்பர் கறுத்த வெள்ளியாக மாற்றுகிறது. ஒளி படாத உப்பை ஹைப்போ கரைத்து வெளியேற்றுகிறது. ஹைப்போவின் இந்தக் குணத்தை ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டறிந்தார். டெவலப்பர்களுள் பெயர் பெற்றது கோடக்கின் டி-76. ஒரு லிட்டர் நீருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக மாறாமல் நிற்கும் சூத்திரம் இது.

சூத்திரம் எளிது; நம் நாட்டு வெயில்தான் எளிதன்று. டெவலப்பர் 20 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. கோடையில் நம் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டும். சூடு மிகுந்தால் படம் சீக்கிரம் கறுத்துவிடும். ஜெலட்டினும் ஊறி இளகும். குளிர்ந்த டெவலப்பரிலிருந்து எடுத்துச் சூடான நீரில் இட்டாலோ படலம் சுருங்கி, வலைபோல் வெடிப்பு விழும். ஆகவே பாட்டில்களை ஐஸ் கலந்த நீரில் நிறுத்தி, டெவலப்பர், ஹைப்போ, கழுவும் நீர் மூன்றையும் ஒரே சூட்டில் வைப்பதே முதற்பாடம். இரண்டாவது பாடம் பொறுமை. ஏழெட்டு நிமிஷம் இருட்டுக் குப்பியைச் சீராகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அவசரப்பட்டவன் படம் பாழ்.

காட்டில் ஒளி குறைவாதலால் 400 வேகப் பிலிமை 1600 என்று வைத்து எடுத்து, டெவலப்பரில் அதிக நேரம் ஊறவைப்பது வழக்கம். இதனால் வெளிச்சமான பகுதி ஏறுமே தவிர, ஒளியே பதியாத நிழலில் எத்தனை நேரம் ஊறினாலும் ஒன்றும் தோன்றாது. பிலிமில் நிழலைப் பார்த்து ஒளி வை என்று பெரியவர்கள் சொன்னதன் காரணம் இதுவே. டிஜிட்டல் காமிராவுக்கு விதி நேர்மாறானது. நிழலில் மறைந்ததைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அளவுக்கு மீறி வெளுத்துப் போனதை மீட்க வழி இல்லை. ஆதலால் வெளுப்பைப் பார்த்து ஒளி வைக்க வேண்டும்.

இந்தப் பிலிமை நம் தமிழ் மண்ணிலேயே செய்த காலமும் உண்டு. உதகமண்டலத்தில் 1960-ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் காகிதமும் அளித்துவந்தது. இன்று அது மூடப்பட்டுவிட்டது. வெளிநாட்டுப் பிலிம்களை வாங்கி இருட்டறையில் கழுவுவோர் இன்றும் சிலர் உண்டு. ஆனால் செலவு மிகுதி.

கணினியில் வேலை முறை

எனக்குப் பழக்கமான வரிசையைச் சொல்கிறேன். முதலில், காமிராவில் 'ரா' எனப்படும் மூலக் கோப்பாகவே படத்தைப் பதிவு செய்ய வேண்டும். காமிராவே சுருக்கித் தரும் படத்தில் வண்ணத்தின் நுட்பங்கள் பல உதிர்ந்துவிடுகின்றன. பின்னர் பங்குகளை மாற்றும்போது அங்கங்கே திட்டுத் திட்டாக உடையும்.

இரண்டாவதாக, வண்ணத்தில் இருக்கும்போதே ஒளியின் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மூன்றாவதுதான் சாம்பலாக்குதல். ஒவ்வொரு வண்ணத்துக்கும் உள்ள பிடியைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பார்த்து, விலங்கும் பின்னணியும் பிரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். நீலத்தை மிகுதியாக இழுத்தால் வானம் புழுதி படிந்ததுபோல் புள்ளி புள்ளியாகும். இலை நுனிகளைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். அந்த அறிகுறி கண்டதும் கையைப் பின்வாங்கிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, இருட்டறையில் கையாலும் அட்டையாலும் செய்த வேலை. பெரிதாக்கும் கருவியின் ஒளி காகிதத்தில் விழும்போது ஒரு பகுதியைக் கையால் மறைத்தால் அவ்விடம் வெளுக்கும். கூடுதல் நேரம் காட்டினால் கறுக்கும். கணினியில் அதே வேலையைத் தூரிகை ஒன்றால் செய்கிறோம். விலங்கின் கண்ணைச் சற்றே வெளுக்கச் செய்தால் அதற்கு உயிர் வரும். ஆனால் சற்றே என்பதை மறக்கக் கூடாது. விளக்குப் போட்டதுபோல் கண் மின்னினால் அது விலங்கன்று, பொம்மை.

இறுதியாக அச்சு. திரை தன் ஒளியால் ஒளிர்வது. காகிதமோ பிறர் ஒளியை வாங்கித் தருவது. ஆகவே திரையில் அழகாயிருந்த நிழல் காகிதத்தில் கரியாகிவிடும். ஒரு சிறு துண்டில் அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் ஜன்னலருகே வைத்துப் பார்த்த பிறகே பெரிய பிரதிக்குப் பணம் செலவிட வேண்டும்.

வட வங்கத்து ஜல்தாபாரா காட்டில் காணும் காட்சி ஒன்றை இதற்கெல்லாம் பரீட்சையாகச் சொல்லலாம். சேற்றில் புரண்டு எழுந்த காண்டாமிருகம். அதன் முதுகில் பால்போன்ற ஒரு கொக்கு. கொக்கின் சிறகு தெரிய வேண்டுமானால் மிருகம் கரிக்கட்டியாகிறது. மிருகத்தின் தோல் தெரிய வேண்டுமானால் கொக்கு வெறும் வெள்ளைத் துளையாகிறது. கொக்குக்கு ஒளி வைத்து எடுத்து, பின்னர் மிருகத்தின் நிழலை மட்டும் மெல்ல உயர்த்தி, ஈரச் சேறும் காய்ந்த சேறும் இரு வேறு சாம்பலாய்ப் பிரியும்படி செய்தவனே தேறியவன். அமெரிக்கரான ஆன்சல் ஆடம்ஸ் நண்பர் ஒருவருடன் சேர்ந்து 1940-ஐ ஒட்டி வகுத்த முறையில், கறுப்பு முதல் வெள்ளை வரை பூஜ்யம் முதல் 10 வரை படிகள் உண்டு. அவர் பெரும்பாலும் எடுத்தவை மலையும் மரமும். ஆயினும் கொக்குக்கு ஒரு படி, சேற்றுக்கு ஒரு படி என்று மனத்தில் குறித்துக்கொண்டு வேலை செய்யும் அந்தப் பழக்கம் காட்டு விலங்குக்கும் பொருந்தும்.

நான் செய்த பிழை

இதுவரை கூறியது திறமை. இனி நாணயம்.

சில ஆண்டுகளுக்கு முன் ரயில்வே எழுத்தனாக டூவர்ஸ் பகுதியில் ஒரு சிறு நிலையத்தில் இருந்தேன். சிலிகுரியிலிருந்து அலிப்பூர்துவார் செல்லும் பாதை, மகாநந்தா, சாப்ராமாரி, ஜல்தாபாரா, பக்ஸா முதலிய காடுகளை ஒட்டியும் ஊடுருவியும் செல்வது. ஒரு மார்கழிக் காலையில் நடைமேடையின் கோடியில் நின்றிருந்தேன். பனிமூட்டத்தினூடே இருநூறு கஜ தூரத்தில் மூன்று பெரிய யானைகளும் ஒரு குட்டியும் பாதையோரம் வந்து நின்றன. சூரியன் அப்போதுதான் எழுந்திருந்தது. இரு தண்டவாளங்களும் வெள்ளிக் கம்பிகள்போல் மின்னின. குட்டி ஒரு காலைத் தூக்கி, தண்டவாளத்தின்மேல் வைப்பதா வேண்டாமா என்று தயங்கியது. அந்தக் கணத்தில் படம் எடுத்தேன்.

வீட்டில் கணினியில் திறந்தபோது எனக்கு ஒரு குறை தோன்றியது. காடு, பனி, யானை எல்லாம் அழகு. தண்டவாளம் மட்டும் கண்ணை உறுத்தியது. நான் அன்றாடம் பார்ப்பது அது. அழகென்று எனக்குத் தோன்றவில்லை. கீழ்ப்பகுதியைத் தூரிகையால் இருட்டினேன். மின்னிய இரும்பு கறுத்து மண்ணோடு கலந்தது. ஓரத்தில் தெரிந்த சிக்னல் கம்பத்தை வெட்டி எறிந்தேன். ஆதிகாலத்துக் காடுபோல் ஒரு படம் கிடைத்தது. பெரிதாக்கி, சட்டம் போட்டு, அந்த ஆண்டுப் பொங்கல் விழாவில் மாட்டினேன். பாராட்டுக்குக் குறைவில்லை.

எங்கள் நிலையத்து டிராக்மேன் ஒருவரை விழாவுக்கு அழைத்திருந்தேன். உள்ளூர்க்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவரைத் 'தாதா' என்றே அழைப்பேன். இரவில் விளக்கும் கையுமாகப் பாதையோரம் மைல் கணக்காக நடப்பது அவர் உத்தியோகம். சர்க்கரைப் பொங்கலை ரசித்து உண்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் படத்தின் முன் வந்து நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

"இது நம் நிலையத்துக்குக் கிழக்கே உள்ள வளைவுதானே, பாபு?" என்றார்.

"ஆம், தாதா."

"லைன் எங்கே?"

அழகுக்காக மறைத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "இந்தக் குட்டி காலைத் தூக்கிக்கொண்டு நிற்பது லைனைப் பார்த்துத்தான். லைனை எடுத்துவிட்டீர்கள். அது எதற்காக நிற்கிறது என்று இந்தப் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் இரவெல்லாம் நடப்பதும் அதற்காகத்தானே, பாபு?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பாதை மீட்டர் பாதையிலிருந்து அகலப் பாதையாக மாறியது. அதன் பின் யானைகள் பல வண்டியில் அடிபட்டு இறந்தன. 2010 செப்டம்பரில் பானர்ஹாட் அருகே ஓர் இரவில் சரக்கு வண்டி மோதி ஏழு யானைகள் மாண்டன. பாதையில் அகப்பட்ட குட்டிகளைக் காக்கப் பெரியவை சூழ்ந்துகொண்டனவாம். வேகக் கட்டுப்பாடும், யானையின் காலடி அதிர்வை அறிவிக்கும் கருவிகளும் பின்னர் வந்திருக்கின்றன. இரவில் நடக்கும் மனிதர்களும் இருக்கிறார்கள். இவ்வளவும் அறிந்த நான், அந்த இரும்பை மட்டும் படத்திலிருந்து துடைத்துவிட்டு, யானைக்கு ஓர் ஆபத்தும் இல்லாத காட்டைச் சுவரில் மாட்டியிருந்தேன்.

அன்றிரவே மூலக் கோப்பைத் திறந்து புதிதாக வேலையைத் தொடங்கினேன். சிக்னல் கம்பம் இருந்த இடத்திலேயே நின்றது. யானைகளின் உடலைப் பனியிலிருந்து பிரியும் அளவுக்கு மட்டும் கறுக்கச் செய்தேன். தண்டவாளத்தை மின்னவும் செய்யவில்லை, மறைக்கவும் செய்யவில்லை. அன்று காலை அது எப்படி இருந்ததோ அப்படியே விட்டேன். அச்சில் வந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. வண்ணப் பிரதியில் எழுஞாயிற்றின் பொன்னிறமே கண்ணை இழுத்தது. கறுப்பு வெள்ளையிலோ இரண்டு வெள்ளைக் கோடுகளும், அவற்றின் விளிம்பில் தூக்கிய ஒரு சிறு காலும் மட்டுமே முதலில் தெரிந்தன. முன்பு உறுத்தியதே இப்போது படத்தின் பொருளாகிவிட்டது. அடுத்த ஆண்டு மாட்டியது இந்தப் பிரதியைத்தான். அதன் முன் நின்றவர்கள் "எவ்வளவு அழகு!" என்று சொல்லவில்லை. "பிறகு என்ன ஆயிற்று? கடந்து போயிற்றா?" என்று கேட்டார்கள். கடந்து போயிற்று என்று மகிழ்ச்சியோடு சொன்னேன்.

எல்லை எது?

பங்குகளை மாற்றுவதும் ஒரு மாற்றந்தானே, இருட்டுவதும் வெளுப்பதும் எல்லோரும் செய்வதுதானே, பிறகு எங்கே கோடு கிழிப்பது என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உலகப் புகழ் பெற்ற 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழே, 1982 பிப்ரவரி அட்டைக்காக எகிப்தியப் பிரமிடுகளைக் கணினியால் அருகருகே நகர்த்தி, பெரும் கண்டனத்துக்கு ஆளாகியது. இன்றோ, மரக்கிளையையும் மனிதனையும் நொடியில் துடைத்தெறியும் வசதி நம் பிள்ளைகளின் கைப்பேசியிலேயே இருக்கிறது.

நான் எனக்கென்று வைத்துக்கொண்ட விதி ஒன்றே. அங்கே இருந்ததைத் தெளிவாக்கலாம். அங்கே இருந்ததை இல்லையென்று ஆக்கலாகாது. இல்லாததைச் சேர்க்கவும் கூடாது. புலியைப் புல்லிலிருந்து பிரிப்பது தெளிவாக்குதல். கொக்கின் சிறகை மீட்பது தெளிவாக்குதல். தண்டவாளத்தை மண்ணாக்கியது பொய். செய்த கருவி ஒன்றே, தூரிகையும் ஒன்றே. நோக்கம் மட்டுமே வேறு.

நம் குடும்பங்களில் பிள்ளைகள் பலர் இப்போது நல்ல காமிராவோடு சரணாலயங்களுக்குச் சென்று வருகிறார்கள். அவர்களுக்கு மூன்று வார்த்தை. மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். பிழையைத் திருத்திக்கொள்ள எனக்கு உதவியது அதுவே. அச்சிட்ட பிரதியின் பின்புறம் தேதியையும் இடத்தையும் எழுதிவையுங்கள். இருபது ஆண்டு கழித்து அந்தக் காடு இருந்ததற்கு அதுவும் ஒரு சாட்சியாகலாம். படத்தை முடித்ததும், அந்த இடத்தை நன்கு அறிந்த ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். அவர் வனக் காவலராகவோ, மாடு மேய்ப்பவராகவோ, விளக்கோடு பாதையில் நடப்பவராகவோ இருக்கலாம். அவர் "இது எங்கே?" என்று கேட்காமல், "ஆம், இதுதான்" என்று சொன்னால், உங்கள் கறுப்பும் வெள்ளையும் சரியாக அமைந்துவிட்டன என்று நம்பலாம்.

எங்கள் தாதா இரண்டாவது பிரதியைப் பார்த்து அப்படித்தான் சொன்னார். ஒரு சிறு பிரதியை அவருக்கும் அச்சிட்டுக் கொடுத்தேன். அதை அவர் கேங் குடிசையின் சுவரில், விளக்கு மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்.